எண்ணெய் ஊற்றியவரின் கல்வெட்டு

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கிற ஒரு மனிதருடைய படத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, அவருக்குக் கல்வெட்டு அடித்துக் கொடுத்தவன் நான். ஒன்றல்ல, நூற்றியிருபது பிரதி. இருபத்திரண்டு வருட அனுபவம் இல்லாத ஒருவனால் இப்படியொரு பிழையைச் செய்யவே முடியாது.

கனடாவில், வோபர்னில் ஒரு சின்ன அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. கல்யாண அழைப்பிதழ், பெண் பிள்ளை பெரியவளானால் வைக்கிற சாமத்திய வீட்டுக் கார்ட், கடை விளம்பரம் எல்லாம் வரும். ஆனால் எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது கல்வெட்டுத்தான். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். முதல் பக்கத்தில் முட்டை வடிவத்துக்குள் படம். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு. கீழே இடது பக்கம் ‘மலர்வு’ என்று பிறந்த திகதி, வலது பக்கம் ‘உதிர்வு’ என்று இறந்த திகதி. உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவழி, கடைசியில் நன்றி. பழைய கோப்பு ஒன்றைத் திறந்து படத்தையும் திகதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அப்படித்தான் செய்தேன்.

போன கோடையில் விட்பியிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். எண்பதைத் தாண்டியவர். அமெரிக்க விமானப்படையில் இருந்துவிட்டு, கனடாக்காரி ஒருவரைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தின் முப்பத்தோராம் நாளுக்குப் போன இடத்தில் எங்கள் கல்வெட்டு ஒன்று அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு எழுத்தும் விளங்காவிட்டாலும் தாளையும் கட்டிய விதத்தையும் தடவிப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார். அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, “இதே மாதிரி ஒன்று வேண்டும்” என்றார். பேசியது இங்கிலீஷ், தமிழில் தருவது நான்.

அவருக்கு வேண்டியது அவருடைய விமான அணியின் வரலாறு. இரண்டாவது உலகப் போரில் குண்டு போடத் தொடங்கிய அணி. போர் முடியக் கலைத்தார்கள். பிறகு திரும்பவும் கூட்டினார்கள். அப்போது குண்டுவீச்சு விமானங்களோடு, அவற்றுக்கு வானத்திலேயே எரிபொருள் எண்ணெய் ஊற்றும் விமானங்களும் சேர்ந்தன. இவர் அந்த எண்ணெய் விமானத்தின் வால் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, கீழே பின்னால் பறந்து வரும் விமானத்தின் முதுகில் இருக்கும் சின்னத் துளைக்குள் நீண்ட குழாயைச் செருகுகிறவர். இரண்டு விமானமும் பறந்துகொண்டே இருக்க வேண்டும். நான் காரை நிறுத்தி வைத்துவிட்டு எண்ணெய் அடிக்கும்போதே சப்பாத்தில் ஊற்றுகிறவன்.

“எங்கள் அணியைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறார்கள். குண்டு போட்டவர்களுக்கு நூறு பக்கம். எங்களுக்கு ஒரு பத்தி” என்றார். பழைய ஆட்கள் வருடம் ஒருமுறை அமெரிக்காவில் கூடுவார்களாம். வருகிற தலைகள் குறைந்துகொண்டே போவதால் இந்த முறையோடு நிறுத்துவதென்று முடிவு. எண்ணெய் ஊற்றியவர்களைப் பற்றி அவர் தன் கையால் எழுதிய ஒரு பக்கத்தை அங்கே எல்லோரும் வாசிக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்ததும் முதல் தாளின் பின்பக்கத்திலேயே அது வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

எழுத்துப் பிழை திருத்த மூன்று தடவை ரயிலும் பஸ்ஸும் பிடித்து வந்தார். ஒரு நாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், சின்ன வயதில் ஊரில் போர் நேரம் குண்டு போடுகிற பொம்மர் வந்தால் பங்கர்க் குழிக்குள் ஓடி ஒளிவோம் என்று சொன்னேன். மேலே சுற்றுகிற சத்தம் கேட்டபடி இருக்கும். “எண்ணெய் முடிஞ்சாப் போயிடும், பேசாமல் இருங்கோ” என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் நம்பிக்கை முழுக்க அதனுடைய எண்ணெய்த் தாங்கியில்தான் இருந்தது. “உங்களைப் போல ஓர் ஆள் மேலே இருந்திருந்தால் எங்கள் கதி என்ன!” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “எவ்வளவு நேரம் சுற்றும்?” என்று கேட்டார்.

“இருபது நிமிடம் இருக்கும்.”

“அப்படியென்றால் எண்ணெய் முடியவில்லை. குண்டு முடிந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருத்தத் தொடங்கினார்.

எல்லாப் பக்கமும் அவர் பார்த்தார், முதல் பக்கத்தைத் தவிர. அதைக் கடைசி நாள் நான் அவசரமாகச் செய்தேன். விமானத்தின் முன்னால் அவர் இளமையில் நிற்கும் படத்தைத் தந்திருந்தார். பழைய கல்வெட்டுக் கோப்பைத் திறந்து போட்டேன். அணி தொடங்கிய திகதி ஒரு பக்கம், கடைசியாகக் கலைந்த திகதி மறுபக்கம். அச்சாகிக் கட்டியும் வந்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் வந்தார். மறுநாள் காலை அவருக்கு விமானம். கடையில் ஒரு அன்ரி தன் வேலைக்காகக் காத்திருந்தார். மேசையில் இருந்த புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தவர், “ஐயோ, நல்ல வடிவான மனுசன். எத்தனை வயசில, எப்ப மோசம் போனவர்?” என்று என்னைக் கேட்டார்.

“அன்ரி, அவர் உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறார்” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

முதலாளி அண்ணை எட்டிப் பார்த்தார். “டேய், என்னடா உது? ஆள் கதிரையில இருக்கிறார். நீ விளக்குக் கொளுத்தி அனுப்பிவச்சிருக்கிறாய்!”

“உதைப் போலவே வேணுமெண்டு அவர்தான் அண்ணை கேட்டவர்.”

“அவர் கேட்டது தாளையடா!”

கிழவர் புத்தகத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தார். தமிழ் எழுத்துகளைக் காட்டி என்ன என்று கேட்டார். பூத்தது, உதிர்ந்தது என்று சொல்லி, முழு விபரத்தையும் ஒப்புக்கொண்டேன். அவர் விரல் முட்டை வடிவத்தைச் சுற்றி ஓடியது.

“நான் செத்தது பரவாயில்லை. விமானம் எங்கே?”

விமானத்தை முட்டை விழுங்கியிருந்தது. உள்ளே இவருடைய முகம் மட்டும்.

முதல் தாளைக் கிழித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் அவர் எழுதிய பக்கம். அதைக் கிழித்தால் இந்தப் புத்தகமே வேண்டாம். திரும்ப அடித்துக் கட்டுவதற்கு நேரமும் இல்லை. அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கைகள் முழங்காலில் சும்மா கிடந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அண்ணைதான் வழி சொன்னார். முழுப் படத்தையும் ஒட்டுத்தாளில் அடித்து முட்டையின் மேல் ஒட்டுவது. இருந்த ஒட்டுத்தாள் அதற்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. இரண்டு சொற்களையும் மூட வேறொன்றும் இல்லை, சாமத்திய வீட்டுப் பைகளில் ஒட்டுகிற பொன்னிற மயில் ஒட்டுப்படம் ஒரு சுருள் கிடந்ததைத் தவிர.

“மயிலுக்கும் விமானம் போலச் செட்டை இருக்குத்தானே” என்றார் அண்ணை. மொழிபெயர்த்தேன். கிழவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். விளக்குகளையும் மூடவா என்று கேட்டேன். ஓடுபாதை விளக்கு மாதிரி இருக்கிறது, இருக்கட்டும் என்றார்.

பொழுது சாயும்வரை மூன்று பேரும் ஒட்டினோம். அன்ரி போகாமல் நின்று மயில்களை உரித்துத் தந்தார். எங்களுடையவை எல்லாம் கொஞ்சம் சரிந்தே விழுந்தன. கிழவர் மட்டும் ஒவ்வொன்றையும் மேலே பிடித்து, ஒரு கணம் அசையாமல் நின்று, நேராக இறக்கினார். ஒரு மயில்கூடச் சொல்லுக்கு வெளியே போகவில்லை.

அடுத்த கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார். குண்டு போட்ட விமானங்களில் இருந்த ஒருவர் எழுந்து நின்று அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தாராம். பிறகு எல்லோரும் மயில் எந்த அணியின் சின்னம் என்று கேட்டார்களாம். இரகசியம் என்று சொல்லி வைத்தாராம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “எல்லாம் நல்லபடி முடிந்தது. இனி, நூறு வயதுக்குப் பிறகு, உங்களுடைய சொந்தக் கல்வெட்டையும் நானே செய்து தருகிறேன்” என்றேன்.

“மயில் வேண்டாம்” என்றார்.