பிரிக்காத பொட்டலம்

குப்பண்ணன் ரெண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்துக் கட்டி மாரியம்மனையே ஏமாற்றிவிட்டார் என்ற பேச்சு, ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் அவர் காதுக்கு வந்தது. பால் சொசைட்டியில் யாரோ சொன்னதை யாரோ கேட்டு, கேரள எல்லையோரக் கோபாலபுரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் ரியாஸிடம் சொல்லியிருக்கிறார்கள். கற்பூரம் வாங்கப் போனவரிடம் ரியாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான்.

"ஏனுங்ணா, முப்பது வருசம் செக்போஸ்ட்டுல ஒரு பொய் சொல்லாத ஆளு நீங்க. அம்மங்கிட்டப் போயிக் கள்ள பில்லு காட்டீட்டீங்களாமா?"

குப்பண்ணனும் சிரித்து வைத்தார். ஆனால் மொபெட்டைக் கிளப்பும்போது கால் ரெண்டு தடவை தவறியது.

தேங்காய் லாரி ஓட்டிய மனிதர் அவர். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் ஹாரன் சத்தம் காதை விட்டு இறங்கவில்லை. படுத்தால் கட்டில் ஓடுவது போலிருக்கும். பாலக்காட்டு டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரைக்குத் தூக்கம் வந்ததே ஒழிய அவருக்கு வரவில்லை. மனைவி செல்லாத்தாள் இறந்துபோன வருசம்தான், வீட்டில் தனியாக உட்கார மாட்டாமல் அவர் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். திங்கட்கிழமை பாலக்காட்டுக் கல்பாத்திச் சிவன் கோயில். சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றுப்படியில் காலை நனைத்துக்கொண்டு உச்சிவரை இருப்பார். மற்ற நாளெல்லாம் உள்ளூர் மாரியம்மன் கோயில்தான். அங்கே மூணு ஆள் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத இலுப்பை மரம் ஒன்று. விடியக் கருக்கலில் அதன் பூ பொலபொலவென்று உதிரும். வௌவால் கூட்டம் வந்து அடையும், மயில் இறங்கும். குப்பண்ணன் எதையும் வேண்டிக்கொண்டதில்லை. கூட்டுவார், பூக்கட்டுவார், மூணு சுற்று வருவார், மரத்தடியில் உட்காருவார். ஒருநாள் அங்கேயே கண்ணயர்ந்து, எழுந்தபோதுதான் தெரிந்தது, காதில் ஹாரன் இல்லை.

அந்த மரத்துக்குத்தான் வந்தது வினை. ஷார்ஜாவில் இருக்கும் மகன் கௌசிக், அம்மா பேரில் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டித் தருகிறேன் என்றான். ஊருக்குச் சந்தோசம். ஆனால் மண்டபம் கட்ட இருக்கிற ஒரே இடம் மரம் நிற்கிற இடம்தான். செல்லாத்தாள் பேரைக் கல்லில் பார்க்க அவருக்கு மட்டும் ஆசையில்லையா? ஆசைக்கும் மரத்துக்கும் நடுவில் அவர் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றபோது, பூக்கேட்டுவிடலாம் என்று ஊர் முடிவு செய்தது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்பும் கட்டி அம்மன் முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள்; வெள்ளை வந்தால் மரத்தை வெட்டலாம், சிவப்பு வந்தால் கூடாது.

பூசாரி பழனிச்சாமிக்குப் பங்காளி வீட்டுத் தீட்டு. அதனால் பொட்டலம் கட்டும் வேலை, தினம் பூக்கட்டுகிற குப்பண்ணன் கைக்கு வந்தது. கருவறைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து பூவரச இலையை விரித்தார். கூடையில் செவ்வரளி குவிந்து கிடந்தது. வெள்ளை என்று பார்த்தால் ஒரே ஒரு நந்தியாவட்டை. முதல் இலையில் செவ்வரளியை வைத்துக் கட்டினார். தலைக்கு மேலே இலுப்பை சலசலத்தது. இரண்டாவதற்கும் விரல் சற்று நேரம் செவ்வரளியின் மேலேயே நின்றதை அவர் மறைக்கவில்லை, அம்மனிடம் மறைக்க முடியுமா என்ன. அப்புறம் நந்தியாவட்டையை எடுத்து இரண்டாவது இலையில் வைத்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டினார்.

அங்கன்வாடிக்குப் போகிற குழந்தை மௌனிகா எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் சிவப்பு வந்தது.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது அந்தக் கோயில் வழக்கம். பிரித்தால் அம்மன் சொன்ன வாக்கைச் சோதித்தது போலாகும். அமாவாசைவரை அவள் காலடியில் கிடந்துவிட்டு ஆற்றுக்குப் போகும். அந்த வழக்கந்தான் வதந்திக்குக் கால் முளைக்க வைத்தது. பேச்சு ஷார்ஜாவுக்கும் பறந்தது. அம்மா பேரை அப்பாவே தடுத்துவிட்டார் என்று யாரோ சொன்னதை, கௌசிக் நேற்று குரல் பதிவில் அழாத குறையாகக் கேட்டிருந்தான். அந்த ரெண்டாவது பொட்டலத்தைப் பிரித்து ஒரு போட்டோ அனுப்புங்கள் அப்பா, அது போதும் என்று.

தீட்டுக் கழிந்து வந்த பழனிச்சாமியும் காலையில் அதையேதான் சொன்னான். பேரு கெட்டுப்போய்க் கிடக்கிறதே, ஒரு தடவை பிரித்தால் ஊர் வாய் அடைந்துவிடும், அம்மனும் கோவித்துக்கொள்ள மாட்டாள் என்று.

குப்பண்ணன் பொட்டலத்தைப் பார்த்தார். இலை வாடிச் சுருங்கிவிட்டது. நார் முடிச்சு மட்டும் அவர் போட்டது போட்டபடி இருந்தது. இழுத்தால் ஒரு நொடி.

"பிரிச்சா, நான் பொய் சொல்லலீன்னு ஊருக்குத் தெரியும்" என்றார். "ஆத்தா வாக்கச் சந்தேகப்பட்டேன்னு ஆத்தாளுக்குத் தெரியுமல்லோ."

"அப்ப பையனுக்கு என்னங்க சொல்லுவீங்க?"

"நான் வெள்ளை வெச்சேன்னு சொல்லுவேன். எம்பையனுக்கு அது பத்தலீன்னா, போட்டோவும் பத்தாது."

சொல்லிவிட்டு, தினம் வருகிற மூணு சுற்றைத் தொடங்க நிமிர்ந்து நடந்தார். அந்த வயதிலும் அப்படி ஒரு நிமிர்வு. லாரிக் கேபினில் உட்கார்ந்து வரும்போது இருந்த நிமிர்வு. காலடியில் இலுப்பைப்பூ மெத்து மெத்தென்றிருந்தது. முதல் சுற்றில் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். இரண்டாம் சுற்றில் மதிலில் ஒரு மயில் தோகையை உதறியது.

கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டை போடுவதில்லை. அவர் சட்டை வாசலில், மொபெட் கைப்பிடியில் தொங்கியது. அதன் பையிலிருந்து போன் அடித்தது. கௌசிக் டூட்டிக்குக் கிளம்பும் நேரம்.

"உங்க போனுங்க" என்றான் பழனிச்சாமி.

"தெரியுது. இன்னொரு சுத்துப் பாக்கியிருக்குது."

நின்ற போன் மறுபடி அடித்தது. குப்பண்ணன் கை கூப்பியபடி மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனார்.