முதல் கைத்தட்டல்

சீருடை தைக்கும் அந்தப் பெண்ணைத் தலையில் அடித்துக்கொள்ள வைத்தது வறுமையல்ல, கணவரின் சங்கீதம். பகலில் அவர் குழாய் ரிப்பேர்காரர். மாலையானால் மேசை விசிறியின் கம்பி வலையை வயலின் வில்லால் இழுப்பார், தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுவார். மாடி வீட்டுக்காரர் ஒருமுறை இறங்கி வந்து, "பீரோ நகர்த்தறீங்களா? நானும் ஒரு கை பிடிக்கறேன்" என்றார், பாவம், நல்ல மனதோடுதான்.

அவ்வப்போது இதையே மேடையிலும் வாசிப்பார். இந்த மாதிரிக் கச்சேரியில் ஒரு தொல்லை. முடிவு எதுவென்று யாருக்கும் தெரியாது. சத்தம் நின்றால் அது முடிவா, இடைவெளியா என்று கூட்டம் திருதிருவென்று முழிக்கும். கல்யாணமான புதிதில், அவர் கையை எடுத்ததும் இவள் முந்திக்கொண்டு தட்டினாள். கூட்டமும் தட்டியது, அவர் எழுந்து கும்பிட்டார். அன்றோடு முன்வரிசை நாற்காலி இவள் தலையில் விடிந்தது. காய்ச்சலானாலும் சரி, தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்தாலும் சரி, முதல் கை தட்ட இவள் போயாக வேண்டும்.

"மாமா ஊருக்கே காதுல பூ சுத்தறாரு. நீ நார் எடுத்துக் குடுக்கற, அக்கா" என்றான் தம்பி. அவளுக்குச் சுருக்கென்றது. அவளும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் கட்டிய கணவரிடம், "நெசமாத்தான் வாசிக்கறீங்களா?" என்று எந்த வாயால் கேட்பது?

அதனால் ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த கச்சேரியில் தட்டப் போவதில்லை. உண்மையான பாட்டென்றால் முடிவு அவருக்கே தெரியும். புரட்டென்றால் முழிப்பார், குட்டு உடைந்துவிடும்.

அன்று அவர் கையை எடுத்தார். அவள் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். யாரோ இருமினார்கள். அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து, வில்லின் நுனியால் ஒரே ஒரு கம்பியைத் தொட்டார். கேட்கிறதா இல்லையா என்று கூட்டமே முன்னால் சாய்ந்தது. வீட்டில் தையல் மெஷின் இரைச்சலில் இந்தப் பகுதி அவள் காதில் விழுந்ததே இல்லை. இனிமை என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஆனால் ஏமாற்றுகிறவன் இவ்வளவு மெதுவாக, யாரையும் பார்க்காமல், வியர்க்க வியர்க்க ஏமாற்ற மாட்டான். வெகுநேரம் கழித்து அவரே வில்லைக் கீழே வைத்தார். கூட்டம் தானாகவே தட்டியது.

வீடு திரும்பும்போது அவர் சொன்னார், "இன்னிக்குத்தான் முழுசா வாசிச்சேன்."

"அப்போ இத்தனை வருஷமா?"

"நீ தட்டினா, உனக்குப் போதும்னு நெனச்சு நிறுத்திடுவேன். பிடிக்காததை எனக்காக உக்காந்து கேக்கற. அதுக்கு மேல உன்னைப் படுத்தலாமா?"

அவருடைய பாட்டையெல்லாம் பாதியில் வெட்டியது தன் கைதான் என்று நினைக்கும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கு நீ தட்டி நிறுத்தவே இல்ல. உனக்கே பிடிச்சுப் போச்சு, இனி என்ன கவலை" என்றார் அவர், குழந்தை மாதிரி முகம் மலர்ந்து. "அடுத்தது இதைவிட ரொம்பப் பெருசு."

பிடிக்கவில்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. முன்பாவது கை தட்டித் தப்பிக்க ஒரு வழி இருந்தது. அதையும் தானே அடைத்துக்கொண்டாயிற்று.

"முன்வரிசையிலதானே உக்காருவ?" என்று கேட்டார்.

"வேற எங்க உக்காருவேன்" என்றாள்.