பின்னாலிருந்து படித்த படப்புத்தகம்

மாமா கொழும்பிலிருந்து வந்தால் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்பது திருப்பாலைக்குடியில் எங்கள் வீட்டுக்கே மனப்பாடம். தேயிலை, வாசனைச் சோப்பு, உம்மாவுக்கு ஒரு சேலை, எனக்கு ரிப்பன். அந்த வருடம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு படப்புத்தகமும் இருந்தது. சிங்கள எழுத்து. மாமா அந்த மொழியில் பேரம் பேசுவார், சண்டைகூடப் போடுவார். வாசிக்க மட்டும் தெரியாது.

“படத்துக்கு எதுக்குப் பாஷை?” என்று உம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். தமிழையே அரபு எழுத்தில் எழுதிய கிதாபுகளை அவள் நன்றாக வாசிப்பாள். அவை வலப்பக்கத்திலிருந்து போகிறவை. மற்றப் புத்தகங்களுக்குக் கடைசி அட்டை இருக்கும் இடத்தில் அவற்றுக்கு முதல் பக்கம். படப்புத்தகத்தையும் உம்மா அப்படியே திறந்தாள்.

முதலில் பெரிய கச்சேரி. யானை மத்தளம் கொட்டுகிறது, குரங்கு ஜால்ரா தட்டுகிறது, நடுவில் மாலை போட்ட ஒரு சிறுமி புல்லாங்குழல் ஊதுகிறாள். பக்கம் திரும்பத் திரும்ப ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். கடைசிப் படத்தில் அந்தச் சிறுமி மட்டும் வெறுங்கையோடு மரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

“எல்லாரும் அவுகவுக சாமான எடுத்துக்கிட்டுப் போயிட்டாக. இவ கையில ஒண்ணுமில்ல. அப்பறந்தான் தானாப் பாடுறா” என்று உம்மா முடித்தாள்.

அந்தக் கதை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அடுத்த வாரம் பெரியம்மா வீட்டுக் கல்யாணம். மணப்பெண்ணுக்கு மருதாணி வைக்கும்போது வீட்டுப் பெண்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, கையில் கிடைத்ததைத் தட்டிப் பாடுவார்கள். அந்த வட்டத்தில் உட்கார எனக்கு ஆசை. ஆனால் தாளம் என்னிடம் நிற்காது. வட்டத்துக்குத் தலைவி மணப்பெண்ணின் தங்கை; எனக்கு மூத்தவள் என்பதால் லாத்தா என்று கூப்பிடுவேன். பாடிப் பழகும்போது அவள் முதலில் என் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு சிரட்டைகளை. கடைசியில் கைதட்டவும் கூடாது என்றாள்.

“ஏ புள்ள, பாட்டு எங்கன போகுது, நீ எங்கன போறே? கையக் கட்டிக்கிட்டு உக்காரு.”

“வாயி?” என்று கேட்டேன்.

“இப்போதைக்கு இருக்கட்டும். அதையும் பாத்துட்டுச் சொல்றேன்.”

கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், உம்மா கதை சொல்வதை மாமா கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஏ தங்கச்சி, இதென்ன ஓதுற கிதாபா? பின்னாடி இருந்து வாரியே! ஒத்தப் புள்ள பாடுது. ஒவ்வொருத்தரா வாத்தியத்தத் தூக்கிக்கிட்டு வந்து சேர்றாக. கடைசில கச்சேரி, மாலை. அதான் கதை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாத்தியம் வந்து சேர்ந்தவளுக்குத்தான் மாலை என்றால், எனக்கு இருந்தவையெல்லாம் போய்விட்டிருந்தன.

உம்மா அசரவில்லை. “அண்ணே, ஒங்க கத கொழும்புல நடக்குது. எங்க கத இங்கன நடக்குது” என்றவள், என் பக்கம் திரும்பி, “நீ போயி உக்காரு” என்றாள்.

மருதாணி வைக்கும் மாலையில் போய் உட்கார்ந்தேன். கைகள் தப்பித்தவறித் தட்டிவிடாதபடி இரண்டையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டேன். பாட்டு தொடங்கியது. என் குரல் தொட்டில் ஆட்டுகிறவர்களின் குரல் போல இழுத்து இழுத்துத்தான் போகும். எல்லோரும் ஒரு அடியை முடித்த பிறகும் நான் அதிலேயே இருந்தேன். லாத்தா என்னைப் பார்த்தாள். பிறகு தாம்பாளத்தைச் சத்தமில்லாமல் தரையில் கவிழ்த்தாள். பக்கத்தில் சிரட்டைச் சத்தமும் நின்றது. கைதட்டலும் ஓய்ந்தது. இப்போது பாடிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

பெரியம்மா அடுக்களைப் பக்கம் பார்த்து, “சத்தம் போடாதீங்கடி!” என்று அதட்டினாள். அதையும் எனக்கென்றே எடுத்துக்கொண்டேன். மருதாணிக் கையை விரித்தபடி மணப்பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததும், உம்மா வாசல்படியில் அசையாமல் நின்றதும் கண்ணில் பட்டன. அவற்றுக்கும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. தப்புச் செய்துவிட்டேன், எந்த நிமிடமும் எழுப்பிவிடுவார்கள், அதற்குள் மிச்சப் பாட்டையும் பாடி முடித்துவிட வேண்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னும் உரக்கப் பாடினேன்.