பொய் ஜன்னல் துடைக்கிறவர்

வாளித் தண்ணீரும் துணியுமாக ஆம்ப்ரோஸ் டகெட் இடது கோடி ஜன்னலைத் தேய்க்கிறார். அது ஜன்னலே இல்லை, கல்சுவர். அதன்மேல் வெள்ளைச் சட்டமும் கறுப்புக் கண்ணாடியும் வரைந்திருக்கிறது. "மத்ததையெல்லாம் தொடச்சுட்டு இதை விட்டா, பாவம், அது மனசு என்ன பாடுபடும்?" என்பார், எதிர்வீட்டுக்காரனான என்னிடம்.

இங்கிலாந்தை ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட காலத்து வீடு, இருநூறு வருஷப் பழசு. கட்டினவருக்கு வெளியே வரிசை குலையாமல் ஜன்னல் வேண்டும். உள்ளே அதே இடத்தில் புத்தக அலமாரியும் வேண்டும். பணக்காரர், இரண்டும் கிடைத்தது. பழைய கட்டடம் என்பதால் இப்போது வீடு சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, எதையும் மாற்றக்கூடாது. பாதுகாப்பெல்லாம் கல்லுக்குத்தான், உள்ளே குளிரில் விறைத்துக் கிடப்பவர்களுக்கு இல்லை. ஆம்ப்ரோஸ் சாப்பாட்டு மேசையிலும் மேல்கோட்டைக் கழற்றமாட்டார். விருந்தாளி நடுங்கினால், "இடுக்குல வர்ற காத்தும் பழங்காத்துதான், அதையும் மாத்தக்கூடாதாம்" என்று டீ ஊற்றுவார்.

போன இலையுதிர்காலத்தில் அவர் மனைவி மார்ஜரி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மாடி ஏற முடியாது. கீழே கட்டில் போட இடமிருந்தது அந்தப் பொய் ஜன்னல் அறையில்தான்; அதற்கு வேறு ஜன்னலும் கிடையாது. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று தெரியாவிட்டால் மார்ஜரிக்குத் தொண்டையில் டீ இறங்காது. "என்னை உசிரோட பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டீங்களே!" என்று அழுதார். ஆம்ப்ரோஸ் துடித்துப்போனார்.

சுவரைத் திறக்க அனுமதி கேட்டார். நகரசபை அதிகாரி அம்மாள் வந்து பார்த்தார். "பொய் ஜன்னலாவே பொறந்துச்சு, அப்படியே இருக்கட்டும் ஐயா. ஒரு ஆணிகூட அடிச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கேக்கையும் தின்றுவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு நானே கடப்பாரையைத் தூக்கியிருப்பேன்.

ஆம்ப்ரோஸ் ஆணி அடிக்கவில்லை. ஒரு பெரிய பலகையில் எங்கள் தெருவை வரைந்து கட்டிலுக்கு எதிரே சாத்திவைத்தார். சட்டம், கண்ணாடி, அதற்கப்பால் என் வீடு, வாசலில் நான். என் தொப்பை விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் கஞ்சத்தனம் காட்டவில்லை.

நேற்று நான் அங்கே இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வெளியே சத்தம் கேட்டதும் மார்ஜரி பலகையை முறைத்தார்.

"என்னங்க, ஊரே நனையுது. என் ஜன்னல்ல ஒரு சொட்டு இல்லையே!"

ஆம்ப்ரோஸ் எழுந்துபோய் வாளியோடு வந்தார். விரல்களை நனைத்துப் பலகைமேல் தெளித்தார். முதலில் என் வீட்டின்மேல், அப்புறம் சற்றே தாராளமாக என்மேல். தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. மார்ஜரி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"பாவம்ங்க, அந்தாளு தொப்பலா நனையுறாரு."

ஆம்ப்ரோஸ் வாளியை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்து, என் தலைக்குமேல் ஒரு குடை வரையத் தொடங்கினார்.