எரியும் அடுப்பிலிருந்து ஏழு சங்கிலி

நாகவல்லி ஒன்பது வயதில் செங்கல் அறுக்க உட்கார்ந்தவள். இருபத்தெட்டு வயதில் அவள் கைக்கு ஒரு நாளைக்கு எழுநூறு செங்கல். மண்ணூர்பேட்டையில் கங்காதரனின் சூளையில், அவள் அறுத்த கல்லுக்கு விளிம்பு உடைந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. சூளையின் பக்கச் சுவர் சரிந்து புருஷன் செத்த பிறகும் அதே சூளைக்குத்தான் போனாள். சூளைக்கு அப்பால் வரிசையாக இருந்த பதினோரு குடிசைகளில் கடைசிக் குடிசை அவளுடையது.

1938 மாசியில் ஜில்லா போர்டு ஒரு விதி போட்டது. வீட்டுக்கு இருநூறு கஜத்துக்குள் சூளை எரியக்கூடாது. அடுப்பு எரிகிற கூரைதான் வீடு, மற்றதெல்லாம் கொட்டகை. சர்வேயர் வரும் நாளில் ஒரே ஒரு அடுப்பு எரிந்தாலும் அந்த இடம் குடியிருப்பு, சூளை போக வேண்டும். ஒன்றும் எரியாவிட்டால் அது சூளைக்காரரின் தொழில் இடம், குடிசைகள் போக வேண்டும்.

விதியை அவளுக்குச் சொன்னவன் அவள் அண்ணன் துலுக்கானம். சர்வேயரிடம் அளவுச் சங்கிலி பிடிப்பவன்.

"செவ்வாக்கெழம வர்றோம் நாகு. அன்னிக்கு நீ என் தங்கச்சின்னு மூச்சு வுடாத. அளவு செல்லாம பூடும்."

செவ்வாய்க்கிழமை காலை சர்வேயருக்கு முன்னால் தேவராஜ் வந்தான். பூந்தமல்லிச் சந்தையிலிருந்து கங்காதரன் கூட்டி வந்த அடியாள். கூட ஆறு பேர், கையில் கடப்பாரை. பத்துக் குடிசைகளிலும் அடுப்பை இடித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். குறுக்கே விழுந்த பத்தாவது குடிசைக்காரி குப்பம்மாவின் விலாவில் ஒருவன் மிதித்தான். அவள் வாயிலிருந்து ரத்தம் வந்தது.

நாகவல்லி அடுப்பை மறைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எயுந்திரு. ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?" என்றான் தேவராஜ்.

"கஞ்சி கொதிக்கிது. குடிச்சிட்டுப் போ, மாமே."

அவன் பானையை உதைத்தான். கொதிக்கும் கஞ்சி அவள் தொடையில் கொட்டியது. அலறிக்கொண்டே செங்கல் அச்சை எடுத்து அவன் வாயில் அடித்தாள். இரும்புப் பட்டை போட்ட அச்சு. இரண்டு பல் சாம்பலில் விழுந்தன. இன்னொருவன் அவள் முடியைச் சுற்றிப் பிடித்து முகத்தைத் தரையில் மோதினான்; உதடு கிழிந்தது. தேவராஜ் அவளது வலது கையைத் தரையில் வைத்து, கடப்பாரையின் அடிப்பக்கத்தால் மூன்று முறை இடித்தான். விரல்கள் நொறுங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது. அடுப்பு மண்ணாயிற்று. குடம் தண்ணீரும் ஊற்றிவிட்டு வெளியே போனார்கள்.

சந்தையிலிருந்து வந்த தேவராஜுக்குச் சூளை வேலைக்காரர் பழக்கம் தெரியாது. கல் அறுக்கிற வீடுகளில் சூளை வாயைப் பற்றவைக்கவென்று உடைந்த சட்டியில் தணல் போட்டு, உமி மூடி, சுவரோரம் புதைத்து வைப்பார்கள். இரண்டு நாளானாலும் அணையாது. நாகவல்லி இடது கையால் மண்ணைத் தோண்டினாள். மூன்று செங்கல் கூட்டி, தணலைக் கொட்டி, ஓலை வைத்து ஊதினாள். ஊத ஊத உதட்டு ரத்தம் தணலில் சொட்டிச் சீறியது.

சர்வேயர் குனிந்து உள்ளே பார்த்தபோது தீ ஒரு சாண் உயரம் எரிந்தது. பின்னால் சங்கிலியோடு துலுக்கானம்.

வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தேவராஜ் ஓடி வந்தான். "இப்பத்தான் பத்த வெச்சா சார்! இங்க அடுப்பே கெடையாது!"

சர்வேயர் கூரையின் உள்பக்கத்தை விரலால் தடவினார். விரலில் கரி.

"இது பல வருஷத்துப் புகை. உன் கைக்கு என்னம்மா ஆச்சு?"

"அவன் பல்லக் கேளுங்க சாமி."

துலுக்கானம் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. சங்கிலி முனை வளையத்தை அடுப்படியில் ஊன்றினான். சூளை வரைக்கும் ஒவ்வொரு நீளத்தையும் சத்தமாக எண்ணினான். சங்கிலிக்கு இருபத்திரண்டு கஜம்; ஒன்பது சங்கிலிக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு சொச்சம்தான் இருந்தது. சர்வேயர் வரைபடத்தில் பதினோரு குடிசைகளையும் சுற்றி, குடியிருப்பு என்று பச்சைக் கோடு போட்டார்.

மத்தியானம் துலுக்கானம் தனியாக வந்தான். அவள் கையை மடியில் வைத்து மூங்கில் சிம்பு கட்டும்போது அழுதான்.

"இனிமே கல்லு அறுக்க முடியாது நாகு."

"சூளையே போவுது, எங்க அறுக்கறது? சரியா எண்ணுனியா அண்ணாத்தே? எனக்கோசரம் கொறச்சிப் போடலியே?"

"ஏழு சங்கிலி, பதினாலு கண்ணி. ஒரு கண்ணிகூட வுடல."

"அப்பச் சரி" என்றாள். "குப்பம்மா ஊட்ல அடுப்பு இல்ல. நெருப்பு எடுத்துக்கினு போய்க் குடு."