அப்பா என்னை ஒப்படைத்த காலை

ஜிபிஎஸ் இல்லாமல், நட்சத்திரமும் அலையும் பார்த்து ரரோட்டோங்கா தீவுக்குப் போகிற வாக்காவில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. வாக்கா என்றால் இரண்டு பெரிய தோணிகளைச் சேர்த்துக் கட்டிப் பாய் ஏற்றியது. பயிற்சிக்குப் போய்ப் போய் உள்ளங்கை உரிந்து கிடந்தது. டிகிரி முடித்துவிட்டு விரி என்கிற புறநகரில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டிகளை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கால் அரிக்காது? ரரோட்டோங்கா போவேன், அங்கிருந்து வேறு ஏதாவது கப்பல், அப்புறம் பார்ப்போம். திரும்பி வருகிற பிளானே என்னிடம் இல்லை.

ஒரே சிக்கல், கேப்டனின் விதி. அவள் என் வயது மாவோரிப் பெண். கிளம்பும் நாளில் வீட்டு ஆள் ஒருவர் வந்து, குழுவின் முன்னால் வாய் திறந்து நம்மை ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற முடியாது.

எனக்கு இருப்பது அப்பா மட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியாவுக்குப் படகில் தப்பியவர். கடலுக்குப் பக்கத்துப் புறநகரான மனுரேவாவில் இத்தனை வருடமாக இருக்கிறார், பீச்சுக்குப் போனால் காரைவிட்டு இறங்கமாட்டார். நச்சரித்தே வரவைத்தேன். ஷூவைப் பாலிஷ் பண்ணிக்கொண்டு வந்தார்.

படகுத்துறை வார்ஃபில் எல்லோரும் காத்திருக்க, அப்பா என் பையைப் பிடித்தபடி வாக்காவின் கயிற்று முடிச்சுகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். கக்கூஸ் எங்கே என்று கேட்டார். பின்பக்கம் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த இருக்கையைக் காட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு நிலைகொள்ளவில்லை. சீக்கிரம் சொல்லுங்கோ என்று முணுமுணுத்தேன்.

“பொறு பிள்ளை. எப்பிடித் திரும்பி வருவினமாம் எண்டு கேள்.”

கேப்டனிடம் கேட்டேன். போகிற வழியைப் படிக்கும்போதே வருகிற வழியையும் படித்துவிடுவோம், எங்கள் முன்னோர் போய்ப் போய் வந்தவர்கள்தான் என்றாள். நான் தமிழில் சொல்வதற்குள் அப்பா தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்.

“அண்டைக்கு நாங்கள் படகிலை ஏறேக்கை அதை ஒருத்தரும் கேக்கேல்லை.”

பிறகு கேப்டனைப் பார்த்துச் சொன்னார்: “தாறன். ஆனா நீங்கள்தான் திருப்பிக் கொண்டந்து தரவேணும். இந்த இடத்திலையே.”

மொழிபெயர்க்க வேண்டியது நான். பாதியை விழுங்கிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அப்பாவுக்கு இங்கிலிஷ் நன்றாக விளங்கும், பேசத்தான் கூச்சம். முழுதாகச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். நீ என்ன சொல்கிறாய், திரும்பி வருவாயா?

பக்கத்தில் ஃபெரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. அதில் தாவி ஓடிவிடலாம் போலிருந்தது. யெஸ் என்றேன்.

“அவவுக்கு இல்லை. எனக்குச் சொல்லு.”

“வருவன், அப்பா.”

அப்போதுதான் பையை விட்டார்.