ஞானசெல்வி பார்த்த பாண்டிச்சேரி

போடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஏலக்காய் வியாபாரிகளுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள் ஞானசெல்வி. அவள் ரிட்டயர் ஆன மறுநாள், "எத்தனை ஊருக்கு லைன் குடுத்தீக, ஒரு ஊரையாவது கண்ணால பாத்துட்டு வாங்கக்கா" என்று கூட வேலை பார்த்தவர்கள் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள்.

தனியாகத்தான் போனாள். கடற்கரைக்குப் போனாள்; கடல் இருந்தது. அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுத் துரைமார்களின் ஓவியங்களை வரிசையாகப் பார்த்து முடித்தாள். ஒரு முகமும் மனதில் ஒட்டவில்லை. மத்தியானம் பிரெஞ்சு ஹோட்டலில், வெள்ளைத் துணி விரித்த மேஜைக்கு சூப் வந்தது. சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை.

அப்போது கல்லாவில் போன் மணி அடித்தது. கரண்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நம்பர் ப்ளீஸ்."

அறையே திரும்பிப் பார்த்தது. யாரும் நம்பர் சொல்லவில்லை.